நீதிபதியின் இன்னொரு வருமானம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். எழுதாமல் விட்டிருந்தாலும், ஏழு பக்கம் நீளும் உங்கள் வாதத்தைப் பார்த்தே பார்வை முழுமையாகத் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டிருப்பேன். என் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கெட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் தமது நூலுக்கு முன்பணமாக 2023-இல் 8,93,750 டாலர் பெற்ற செய்தியைக் குறிப்பிட்டு, ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிப் பணம் பெறுவதில் குற்றம் காண்பது பொறாமையின் வேலை என்று முடித்திருக்கிறீர்கள். அந்த ஆண்டு அவருடைய சம்பளம் 2,85,400 டாலர். சம்பளத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எழுத்தில் வந்தது என்றால் பொறாமை எனக்கும் வரத்தான் செய்கிறது. அவருடைய உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தவர் யார், நீதிபதி அங்கி அணியாத ஒருவருக்கு அதைக் கொடுத்திருப்பாரா என்ற இரண்டையும் கேட்காமல் இந்த விஷயத்தை மூடிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

நீங்கள் இளம் வழக்கறிஞராகவும் நான் பெஞ்ச் கிளார்க்காகவும் இருந்த அந்த முன்சீப் கோர்ட்டை நினைத்துப் பாருங்கள். அப்போதிருந்த முன்சீப்புக்குச் சொந்த ஊரில் நஞ்சை நிலம் இருந்தது. அறுவடை நெல்லை அவருடைய தம்பி அங்கேயே விற்றுவிடுவார். ஒரு முறை எங்கள் ஊர் அரிசி ஆலைக்காரர் ஒருவர், மூட்டைக்குச் சில ரூபாய் கூடுதலாகத் தந்து தாமே வாங்கிக்கொள்வதாக என் மூலம் சொல்லியனுப்பினார். "அவருக்கு நம் கோர்ட்டில் வழக்கு ஏதும் இல்லையே ஐயா" என்று நானும் சேர்த்துச் சொன்னேன். முன்சீப் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்றைக்கு இல்லை" என்றார். நிலத்து வருமானத்தை அவர் விடவில்லை, அதை யாரும் தவறாகவும் பேசவில்லை. தம் எல்லைக்குள் வழக்காட வரக்கூடிய ஒருவரிடமிருந்து அந்தப் பணம் வரக் கூடாது என்பதே அவர் வைத்திருந்த கணக்கு.

அந்தக் கணக்கைத் தவறவிட்ட பெரிய மனிதர் அமெரிக்காவின் ஏப் ஃபோர்டாஸ். வாஷிங்டனில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டியவர், 1965-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் வருமானம் சுருங்கிப்போனது. 1968 கோடையில் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் சட்ட வகுப்பு நடத்துவதற்கு 15,000 டாலர் பெற்றார். அவருடைய ஆண்டுச் சம்பளமே 39,500 டாலர்தான். வகுப்பு எடுப்பதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பணம் பல்கலைக்கழகத்தின் கருவூலத்திலிருந்து வரவில்லை; அவருடைய பழைய சட்ட அலுவலகக் கூட்டாளி, தொழிலதிபர்கள் சிலரிடம் திரட்டிக் கொடுத்தது. தலைமை நீதிபதி பதவிக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டிருந்த நேரத்தில் இது வெளியாகி, அந்தப் பரிந்துரை கைவிடப்பட்டதற்கான காரணங்களில் ஒன்றாயிற்று. மறு ஆண்டு இன்னொன்றும் வெளியே வந்தது. பங்குச் சந்தைக் குற்றச்சாட்டில் சிக்கிய லூயிஸ் வுல்ஃப்சன் என்ற செல்வந்தரின் குடும்ப அறக்கட்டளை, ஃபோர்டாஸுக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 20,000 டாலரும், அவருக்குப் பின் அவருடைய மனைவிக்கு அதே தொகையும் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தது. பெற்ற முதல் தவணையை அவர் அந்த ஆண்டுக்குள்ளேயே திருப்பிக் கொடுத்திருந்தார், வுல்ஃப்சனின் வழக்கு வந்தபோது விலகியும் இருந்தார். ஆயினும் 1969 மே 14 அன்று பதவி விலக வேண்டியதாயிற்று. திருப்பிக் கொடுத்த பணத்துக்காக ஒருவர் பதவி இழந்தது கொடுமையில்லையா என்று ஒரு காலத்தில் எனக்கும் தோன்றியது. பிறகு அந்த ஒப்பந்தத்தின் 'ஆயுள் முழுவதும்' என்ற பகுதியை யோசித்தபோது அந்த இரக்கம் நிற்கவில்லை.

பின்னர் 1989-இல் அங்கே சட்டம் வந்தது. சொற்பொழிவுக்குச் சன்மானம் வாங்கக் கூடாது, பாடம் நடத்துவது போன்ற வெளி உழைப்பில் வரும் வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது என்று வகுத்தார்கள். இப்போது அந்த வரம்பு ஆண்டுக்கு 30,000 டாலருக்குச் சற்று மேலே நிற்கிறது. நூல்களுக்கு வரும் ராயல்டியை மட்டும் இந்த வரம்புக்கு வெளியே விட்டுவிட்டார்கள். வாசலை இறுகப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். அதன் விளைவு 2025 மே மாதத்தில் கண்கூடாகத் தெரிந்தது. எழுத்தாளர் ஒருவர்மீதும், பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் உள்ளிட்ட நிறுவனங்கள்மீதும் தொடுக்கப்பட்ட பதிப்புரிமை வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தபோது, ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் விலகினார்கள். அவர்களில் நால்வருக்கு அந்தப் பதிப்பகத்தோடு நூல் தொடர்பு உண்டு. ஆறு பேர் இருந்தால்தான் அங்கே அமர்வு கூட முடியும். ஆகவே வழக்கை விசாரிக்காமலேயே கீழ் நீதிமன்றத் தீர்ப்பு உறுதியாயிற்று. விலகியது நேர்மைதான். ஆனால் தன் வழக்கைக் கேட்க நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் போதிய ஆளில்லை என்று ஒரு மனுதாரர் திரும்பிப் போவதையும் இந்த வருமானத்தின் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நம் நாட்டிலும் விதி ஏறக்குறைய இதே உருவில்தான் இருக்கிறது. 1997 மே 7 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றுக்கொண்ட நடத்தை நெறிகள், நீதிபதி வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்று சொல்லிவிட்டு, சட்ட நூல் வெளியிடுவதையும் பொழுதுபோக்கு போன்ற ஈடுபாடுகளையும் வணிகமாகக் கருத வேண்டியதில்லை என்கின்றன. இந்த விலக்கால் நமக்குப் பெரிய தீங்கு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் மு.மு. இஸ்மாயீல் கம்பனைப் பற்றியும், எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கியும் எழுதினார்கள். நாம் மிகவும் மதித்தவர்கள். தமிழ்ப் பதிப்புலகம் தரும் ராயல்டியைக் கொண்டு ஒரு நீதிபதியை வளைக்க வேண்டுமானால் அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதும் நமக்கு ஒரு பாதுகாப்பு.

நம் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதிலும் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதிலும் ஓய்வு பெறுகிறார்கள். உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்று அரசமைப்பின் 124(7) தடுக்கிறது. பெரும்பாலும் மிஞ்சுவது அரசு தரும் பதவிகளும், கோர்ட்டுக்கு வெளியே நடுவராக அமர்ந்து தகராறு தீர்க்கும் ஆர்பிட்ரேஷனும்தான். அரசுப் பதவிகளைப் பற்றி 1958-இலேயே சேத்தல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் எச்சரித்துவிட்டது, அதைத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டது. ஆர்பிட்ரேஷன் கணக்கை மட்டும் பாருங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் படிகள் நீங்கலாக மாதம் 2.50 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 30 லட்சம். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஒரு பெரிய வழக்குக்கு ஒரு நடுவர் பெறும் கட்டணத்தின் உச்சவரம்பு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்த தொகையும் அதே 30 லட்சம்! பதவியில் ஓராண்டு உழைத்துப் பெறுவதை ஓய்வுக்குப் பின் ஒரே வழக்கில் பெறலாம் என்றால், பதவியின் கடைசி ஆண்டுகளில் தம் முன் வாதாடும் பெரிய நிறுவனங்களும் பெரிய வழக்கறிஞர்களும் நாளைக்குத் தம்மைத் தேர்ந்தெடுக்கப்போகிறவர்கள் என்பது ஒரு நீதிபதியின் நினைவில் வராமலே இருக்குமா? பெரும்பாலோர் அந்த நினைவை அடக்கி ஆள்பவர்கள் என்றே நம்புகிறேன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று நம் முன்னோர் பொதுவாகச் சொல்லி வைத்தார்கள், நீதிபதிக்கு விலக்கு எழுதவில்லை.

இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 93-ஆம் பிரிவுப்படி, வணிக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி பதவியில் இருக்கும்போதே அனுமதி பெற்று நடுவராக அமரலாம். ஆனால் கட்டணம் நீதிமன்றத்துக்குப் போகும், அவர் கைக்கு வராது. அங்கே உழைப்புக்குத் தடையில்லை, பணம் வரும் பாதையைத்தான் திருப்பிவிட்டிருக்கிறார்கள். நூல்களுக்கும் இதுபோல் ஏதாவது செய்யலாம்: எழுதட்டும், விற்ற பிரதிக்கு உரியதை வாங்கட்டும், பெரும் முன்பணத்தை மட்டும் ஓய்வு பெறும் வரை பெறாதிருக்கட்டும்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், சாலை ஒப்பந்தக்காரர் ஒருவரின் தகராறில் நடுவராக இருக்க உங்களைக் கேட்டிருப்பதாக இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். ஏழு பக்க வாதத்துக்கும் வித்து இந்த இரண்டு வரிதான் என்று சந்தேகப்படுகிறேன். மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வூதியத்தோடு இதுவும் வந்தால் நல்லதுதான்; ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒப்பந்தக்காரரோ அவருடைய வழக்கறிஞரோ உங்கள் கடைசி இரண்டு ஊர்களில் உங்கள் முன் வந்தார்களா என்று உங்கள் பழைய டைரிகளை எடுத்துப் பாருங்கள். வந்திருந்தால், நம் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கேட்கிறபடி, நியமனத்தை ஏற்கும் முன்பே எதிர்த்தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பெஞ்ச் கிளார்க்