சனிக்கிழமை வேண்டாம், கயல்

திருநெல்வேலி,
செவ்வாய் இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதை உன் அம்மா தோசை வார்த்துக்கொண்டே எனக்கு ஒப்பித்தாள். "மாப்பிள்ளைக்குத் தொடையில் கொழுப்புக் கட்டியாம். சனிக்கிழமை பக்கத்துக் கிளினிக்கில் எடுத்துவிடுகிறார்களாம். அரை மணி நேர வேலையாம்." இந்த மூன்று 'ஆம்'களில் முதலாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அது கொழுப்புக் கட்டி என்று யார் சொன்னது?

போனில் பேசினால் நீ பாதியில் பயந்துவிடுவாய், நான் பாதியில் குரலை உயர்த்திவிடுவேன். மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. மருமகனின் தொடையைப் பற்றி மாமனார் விசாரிக்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. அதனால்தான் இதை எழுதி, படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி உன் தம்பியிடம் கொடுக்கிறேன். இரண்டு முறை படித்துவிட்டு, பிறகு அவரிடம் கொடு.

பெரும்பாலும் இது ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும் அம்மா. மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் 29 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தவன் சொல்கிறேன். உடம்பின் மென்மையான பகுதிகளில் வரும் கட்டிகளில் ஒன்று கெட்டது என்றால் ஏறத்தாழ நூறு நல்லவையாக இருக்கும். சார்க்கோமா என்கிற சதைப் புற்றுநோய், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். அரிதாக வருவதால் யாருக்கும் அதன் நினைவே வருவதில்லை. அந்த மறதிதான் ஆபத்து.

நாங்கள் பார்த்த கொழுப்புக் கட்டிகளுக்குக் கணக்கே கிடையாது. அறுவை அரங்கிலிருந்து, சதை கெடாமல் காக்கும் பார்மலின் திரவப் பாட்டிலில் வரும். மோரில் வெண்ணெய் உருண்டை மிதப்பது போல மஞ்சளாக மிதந்துகொண்டிருக்கும். நறுக்கி, ஆல்கஹாலிலும் சைலீனிலும் போட்டு எடுத்தால் உள்ளே இருந்த கொழுப்பு முழுவதும் கரைந்துபோகும். ஸ்லைடில் மிஞ்சுவது தேன் வடிந்த அடை மாதிரி வெற்று வளையங்கள்தான். மெழுகுக் கட்டையில் வைத்து அதைச் சீவுவது பெரும் பாடு. ஐஸ் வைத்து இறுக்கினால்தான் கத்திக்கு ஒழுங்காக நிற்கும். எங்களுக்கு எரிச்சல் தரும் வேலை, ஆனால் நோயாளிக்கு நல்ல செய்தி.

மாப்பிள்ளையின் முன்கையில் இருக்கும் அந்த நாலைந்து உருண்டைகளை உன் கல்யாணத்தன்று கங்கணம் கட்டும்போதே கவனித்தேன். சம்பந்திக்கும் கையில் அப்படியே இருக்கின்றன. சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். ஒரு விரலால் ஓரத்தை அழுத்திப் பார். ஊறிய மொச்சையைப் பிதுக்கும்போது பருப்பு தோலுக்குள் நழுவுமே, அப்படி நழுவும். பிசைந்த மாவு போல மெத்தென்று இருக்கும். பல வருடங்களாக அதே அளவில் இருக்கும். அவற்றைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

என் கவலையெல்லாம், தொடையில் வந்திருப்பதற்கு அந்தக் கைக்கட்டிகள் சாட்சி சொல்லிவிட்டதுதான். "இவருக்குத்தான் ஏற்கெனவே கொழுப்புக் கட்டிகள் இருக்கின்றனவே, இதுவும் அதுதான்" என்று நீயும் நினைத்தாய், அவரும் நினைத்தார், கிளினிக் டாக்டரும் கையைப் பார்த்துவிட்டுத் தொடைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். புதிதாக வந்ததைப் புதிதாகத்தான் பார்க்க வேண்டும்.

நீ சொன்னவற்றையே திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். தீபாவளிக்கு அது இல்லை. இந்த ஆறு மாதத்தில் பேண்ட் இறுகும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஷட்டில் ஆடும்போது அடிபட்ட இடம் என்கிறார். அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் சில வாரங்களில் வற்ற வேண்டும். வற்றாமல் வளர்கிறது என்றால் அது வேறு கணக்கு. அடியால் கட்டி வருவதைவிட, ஏற்கெனவே இருந்த கட்டியின் மேல் அடிபட்டு நம் கண் அங்கே போவதுதான் அதிகம். "வலிக்கவே இல்லை அப்பா" என்றும் நீ சொன்னாயாம். நம் ஊரில் எல்லோரும் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வது அதுதான். சார்க்கோமாவும் பெரும்பாலும் வலிக்காது. சாதாரணக் கொழுப்புக் கட்டியிலேயே ரத்தக்குழாய்கள் அதிகமாக இருக்கும் ஒரு வகை நன்றாக வலிக்கும். வலி வந்தால் சொல்ல வேண்டும், வலி இல்லை என்பதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டுக்கறி நறுக்கும்போது தசையின் மேல் பளபளவென்று ஒரு வெள்ளைச் சவ்வு வரும் அல்லவா, நமக்கும் அது உண்டு. கைக்கட்டிகள் எல்லாம் அந்தச் சவ்வுக்கு மேலே, தோலுக்கு அடியில் இருப்பவை. மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலை நீட்டித் தொடையை இறுக்கச் சொல். மேலே இருக்கும் கட்டி இறுக்கினாலும் துருத்திக்கொண்டு நிற்கும், விரலால் தள்ளினால் நகரும். இறுக்கியதும் கட்டி மங்கிப்போனாலோ, அசையாமல் நின்றாலோ அது சவ்வுக்குக் கீழே, தசைக்குள் இருக்கிறது என்று பொருள். தசைக்குள் இருப்பதெல்லாம் கெட்டது என்று நினைத்துவிடாதே, கொழுப்புக் கட்டியும் அங்கே வருவதுண்டு. ஆனால் ஆழத்தில் இருப்பதும், 5 சென்டிமீட்டரைத் தாண்டியதும், வளர்ந்துகொண்டே போவதும், ஒருமுறை எடுத்த இடத்தில் திரும்ப வருவதும் ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாத கட்டிகள். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

இனி, உன்னிடம் இதுவரை முழுதாகச் சொல்லாத ஒன்று.

உன் பெரிய அத்தைக்கு 1994இல் தொடையின் உட்பக்கம் ஒரு கட்டி வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து இரண்டு மாதம் பற்றுப் போட்டாள். பிறகு ஊரிலேயே ஒரு சிறிய மருத்துவமனையில் எடுத்தார்கள். "வெறும் கொழுப்பு, வழித்து எறிந்துவிட்டேன்" என்றார் டாக்டர். மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்தேன். தையலைப் பார்த்தேன், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். வெட்டியதை எங்கே என்று கேட்கவில்லை. நாள் முழுவதும் பிறர் வீட்டுக் கட்டிகளைப் பாட்டிலில் வாங்கி எண் போடுகிற நான், என் அக்காவின் கட்டி குப்பை வாளிக்குப் போனதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏழு மாதத்தில் அதே தழும்புக்கு அடியில் திரும்ப வந்தது. இந்த முறை எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். பாட்டில் என் மேசைக்கே வந்தது. சீட்டில் பெயரைப் படிப்பதற்கு முன்பே பாட்டிலைப் பார்த்துவிட்டேன். அடியில் மூழ்கிக் கிடந்தது. வெட்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று, சீலா மீன் துண்டு மாதிரி. மிதப்பதையும் மூழ்குவதையும் வைத்து யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை, கொழுப்பாகவே வளரும் புற்றுக்கட்டியும் மிதக்கத்தான் செய்யும். இருந்தாலும் அன்றைக்கு எனக்கு ரிப்போர்ட் தேவைப்படவில்லை. சார்க்கோமா ரத்தத்தின் வழியாக முதலில் நுரையீரலைத்தான் தேடிப் போகும். அத்தையின் கடைசி வருட இருமல் உனக்கு நினைவிருக்கலாம். காசநோய் என்று உங்களிடம் சொல்லிவைத்திருந்தோம்.

முதல் அறுவையிலேயே அது என்னவென்று தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இது மட்டும் தெரியும். கொழுப்புக் கட்டியைத் தோண்டி எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. சார்க்கோமாவை அதன் மேல் தொடாமல், சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து எடுக்க வேண்டும். தெரியாமல் தோண்டினால் துணுக்குகள் அந்தக் குழி முழுவதும் படிந்துவிடும். அதற்குப் பிறகு செய்யும் அறுவை முதலில் செய்திருக்க வேண்டியதைவிடப் பெரிதாகிவிடும். அரை மணி நேர வேலை என்பது எனக்கு ஆறுதலாக இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சனிக்கிழமை வேண்டாம். முதலில் அல்ட்ராசவுண்ட். அதில் ஆழம் தெரியும், பெரும்பாலான நல்ல கட்டிகளுக்கு அதோடு கதை முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. அந்த மிஷினில் ஒரு வித்தை உண்டு. உடம்பில் இருக்கும் கொழுப்பை மட்டும் கறுப்பாக்கிவிடுவார்கள். சுத்தமான கொழுப்புக் கட்டி என்றால் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்ந்து முழுவதும் கறுத்துவிடும். கறுக்காமல் ஏதாவது மின்னினாலோ, உள்ளே தடித்த தடுப்புகள் தெரிந்தாலோ பயாப்ஸி எடுக்க வேண்டும், அதாவது ஊசியால் கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். சில கட்டிகளில் மைக்ராஸ்கோப்பே திணறும், நல்ல கொழுப்புக் கட்டியும் கொழுப்பில் வரும் புற்றுக்கட்டியும் ஒன்றுபோல இருக்கும். அதற்கு எம்.டி.எம்.2 என்கிற மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்று உன் மாமியார் சொல்வார்கள். சண்டை போடாதே. சரியான இடத்தில், சரியான ஆளிடம் எடுத்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை என்று மட்டும் சொல். பிற்பாடு அறுவை செய்ய வேண்டி வந்தால் எந்தக் கோட்டில் கீறுவார்களோ, அதே கோட்டில்தான் ஊசியைச் செலுத்த வேண்டும். அதனால் அறுவை செய்யப் போகிற குழுவே ஊசியையும் போடுவது நல்லது. மெல்லிய ஊசியால் நாலு செல்லை உறிஞ்சிப் பார்ப்பது இதற்குப் போதாது, சதையின் அமைப்பு தெரியும்படி தடித்த ஊசியால் துண்டாக எடுக்க வேண்டும். நீங்கள் இருக்கும் பூனாவிலேயே புற்றுநோய் அறுவை நிபுணர்கள் இருப்பார்கள். சிக்கல் என்று தெரிந்தால் மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது, காலையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். இங்கே வருவதானால் சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. நானே கூட வருகிறேன்.

கெட்டது என்றே வந்தாலும் காலை எடுத்துவிடுவார்களோ என்று அவர் நினைப்பார். அந்தக் காலம் போய்விட்டது. அமெரிக்காவில் 43 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கை காலை எடுத்தும் மறு பிரிவுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தும் பார்த்தார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று 1982இல் எழுதினார்கள். அன்றிலிருந்து காலைக் காப்பாற்றுவதுதான் முதல் முயற்சி.

கிளினிக் டாக்டரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், ஸ்கேன் பார்த்துவிட்டு வருகிறோம் என்று. ஸ்கேனில் கொழுப்புக் கட்டிதான் என்று வந்து, பிறகு அவரே எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எடுத்ததைப் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். ரசீது உன் கையில் இருக்க வேண்டும்.

எவ்வளவு பெரிது என்று உன் அம்மாவைக் கேட்டேன். "எலுமிச்சை அளவாம்" என்றாள். அவளுக்குக் குழம்புக்குக் கரைக்கும் புளியும் எலுமிச்சை அளவுதான். உன் தையல் மிஷின் டிராயரில் டேப் இருக்கும். நீளம் ஒரு தடவை, அகலம் ஒரு தடவை அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று இன்றிரவே எனக்கு அனுப்பு. எந்நேரமானாலும் விழித்திருப்பேன்.

அப்பா