பிள்ளையின் கட்டிலருகே தாய்க்கும் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் மட்டும் தாய் உள்ளே வரலாம். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் காத்திருக்க வேண்டும். உங்களில் பலருடைய பிரிவுகளில் இன்றும் இதுதான் வழக்கம். குழந்தையின் நன்மைக்காகவே இப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதனால் குழந்தைக்கு நன்மை விளைகிறதா என்று தயவுசெய்து மறுபடி பாருங்கள்.

என் தங்கை மகள் இரண்டு வயதில் நிமோனியாவோடு ஒரு மருத்துவமனையில் இருந்தாள். முதல் நாள் முழுக்க அம்மாவைக் கேட்டுத் தொண்டை கட்டும்வரை கத்தினாள். பிறகு அழுகை நின்றுவிட்டது. "பழகிவிட்டாள், இப்போது சமர்த்தாக இருக்கிறாள்" என்றார்கள். மாலையில் தங்கை உள்ளே போனபோது குழந்தை அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை, கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நிமோனியாவை அங்கே நன்றாகவே குணப்படுத்தினார்கள், அதற்கு எங்கள் குடும்பம் நன்றி மறக்காது. வீட்டுக்கு வந்தபிறகோ, தங்கை குளிக்கப் போனால்கூட அவள் கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

அந்த அமைதியைப் பழக்கம் என்று எண்ணுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் இதைத்தான் கேமராவில் பதிவு செய்து 1952இல் மருத்துவர்கள் முன் திரையிட்டார். இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி, சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் பெரிதாக அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. நாளுக்கு நாள் ஒடுங்கிப்போகிறாள். இப்படிப் பிரிக்கப்படும் குழந்தை முதலில் அழுது எதிர்க்கும், பிறகு நம்பிக்கை இழக்கும், கடைசியில் தாயிடமிருந்தே விலகிப்போகும் என்று அவரும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் வகுத்துச் சொன்னார்கள். மூன்றாம் நிலையில் இருக்கும் குழந்தை ஊசிக்குக் கை நீட்டும், ஊட்டினால் உண்ணும். வார்டுக்கு அது வசதி. 1959இல், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு பிள்ளைகளோடு தாய் தங்கலாம் என்று பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைத்தது.

ஏறக்குறைய ஆறு மாதம் முதல் நான்கு வயது வரை தாயைப் பிரிந்திருப்பது மிகவும் தாக்குகிறது. தன் ஆள் யார் என்று அந்த வயதில் தெரிந்துவிடுகிறது. "சாயங்காலம் வருவேன்" என்றால் என்னவென்று தெரிவதில்லை. பயத்தில் ஏறும் மன அழுத்த ஹார்மோனைத் தணிக்கப் பழகிய கைகளும் குரலும்தான் வேண்டும். அதிகமாக வலிக்கும் நாட்களில் அவற்றைத்தான் நாம் வெளியே நிறுத்துகிறோம்.

"தொற்று வந்துவிடும்" என்பீர்கள். பச்சிளம் குழந்தைகளிடமே இதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் உடனே தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். முதல் 28 நாட்களில் இறப்பு, காத்திருந்து சேர்த்த குழந்தைகளிடம் 15.7 சதவீதம்; உடனே சேர்த்தவர்களிடம் 12 சதவீதம்தான். தொற்றும் கூடவில்லை, குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதையே பரிந்துரையாக்கியது.

இடமில்லை, ஆளில்லை என்பது உண்மையான சிரமம், அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டிலருகே ஒரு நாற்காலிக்கு இடம் பிடிக்கலாம். கை கழுவவும் அங்கி அணியவும் தாய்க்கோ தந்தைக்கோ பாட்டிக்கோ கற்றுக்கொடுக்கலாம். ஒருவர் இரவும் பகலும் இருக்கட்டும். சிசேரியன் ஆன தாயின் தையலைக் குழந்தை இருக்கும் பிரிவிலேயே வந்து பார்க்க மகப்பேறு பிரிவோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். எடை குறைந்த குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது, தாயால் பயணம் செய்ய முடியுமானால், அதே ஆம்புலன்ஸில் அவளையும் ஏற்றுங்கள். அவசர சிகிச்சை நடக்கும் சில நிமிடங்கள் வெளியே நிற்கச் சொன்னால் எந்தத் தாயும் நிற்பாள். அது முடிந்ததும் அவளை உள்ளே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா