பாரோங் வாளும் அதன் உடைந்த உறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய பொருள்களைப் புதுப்பிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. துருவேறிய வாளையும் கத்தியையும் பட்டறையில் கொடுத்துச் சக்கரத்தில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிக்கொள்ளலாம் என்றும், மர உறை உளுத்துப்போயிருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுத் தோலுறை தைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் யோசனையில் சொன்னதையே முன்பு செய்து ஒரு நல்ல வாளின் முகத்தை நான் இழந்திருக்கிறேன். இரண்டாவதைச் செய்யாததால் அதன் உறை இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆகவே இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

1980களில் நான் கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள சண்டக்கானில் மரவேலை ஆசிரியராக இருந்தேன். பிலிப்பீன்ஸின் சூலு தீவுகளில் தௌசுக் என்றும், சபாவில் சூலுக் என்றும் அழைக்கப்படும் மக்களைச் சேர்ந்த ஒரு பெரியவர் எங்கள் பள்ளிக்குக் காவலராக இருந்தார். நான் மாற்றலாகிப் புறப்பட்ட நாளில், தம் தகப்பனார் வைத்திருந்த பாரோங் வாளை என் கையில் கொடுத்தார். பெயர் ஒலியை வைத்து நம் தோட்டங்களில் புழங்கும் வெட்டுக்கத்தியான பாராங்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நெளிவு நெளிவான மலாய்க் குத்துவாளான கெரிசும் இதுவன்று. ஒருபுறம் மட்டும் கூருடைய, நடுவில் அகன்று நுனியில் குறுகும் இலை வடிவ வாள் இது. என்னிடமுள்ளதன் அலகு 17 அங்குலம். கைப்பிடியை ஒட்டிய இடத்தில் முதுகு 8 மில்லிமீட்டர் தடிமன். கைப்பிடியின் தலையில் காக்கட்டூ என்னும் கிளியினப் பறவையின் கொண்டையும் மூக்கும் செதுக்கப்பட்டுள்ளன. அதன் கழுத்தில் மெல்லிய வெள்ளிப் பூண்.

பல ஆண்டுகள் அலமாரியிலேயே கிடந்து துருவேறிய வாளைச் சுத்தம் செய்ய ஒரு பட்டறையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் பளபளவென்று திரும்பி வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, நுனியிலிருந்து மூன்று விரல் தள்ளி, கூர்ப்பக்கத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் அந்த நீலம் பூக்கும். கொல்லர் காய்ச்சித் தோய்த்து அந்த இடத்துக்குக் கொடுத்திருந்த கடினம் அங்கே இறங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. பழைய பாரோங்குகள் பலவற்றை இரும்பும் எஃகும் அடுக்கடுக்காக வைத்து அடித்துச் செய்திருப்பார்கள். அந்த அடுக்குகள் மர ரேகைபோல் அலகில் ஓடும். என் வாளில் மங்கலாகத் தெரிந்த அந்த ரேகைகள் முற்றாக மறைந்துபோயின. எலுமிச்சைச் சாறோ காடியோ தடவி வரிகளை மறுபடி எழுப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் சக்கரம் தின்ற உலோகத்தை எந்தச் சாறும் திருப்பித் தராது. செய்திருக்க வேண்டியது மிக எளிய வேலை: மெல்லிய இயந்திர எண்ணெயைப் பூசி ஓர் இரவு ஊறவிட்டு, மூங்கில் சிராயாலும் மிக மென்மையான இரும்புப் பஞ்சாலும் பொடியாக உதிரும் செந்துருவை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் படிந்துள்ள கறுப்பை அப்படியே விட்டிருக்க வேண்டும். அந்தக் கறுப்பு அழுக்கன்று, வாளின் வயது.

இனி உறைக்கு வருகிறேன். உள்ளே அலகின் வடிவத்துக்குக் குடைந்த இரண்டு மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிரம்பால் வரிந்து கட்டியதே பாரோங்கின் உறை. என்னிடமிருந்ததில் ஒரு பலகை நெடுக வெடித்து, வாய்ப்பகுதியில் இரண்டு அங்குலம் உடைந்து காணாமற்போயிருந்தது. கட்டுகளில் ஒன்றின் துண்டு மட்டும் எஞ்சியிருந்தது. வண்டு அரித்த துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டியது. பலகைகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. உள்முகத்தில், புத்தகத்துக்குள் வைத்த இலை தாளில் பதிவதுபோல், அலகின் முழு உருவமும் துரு நிறத்தில் பதிந்திருந்தது. அதைச் சுற்றிலும், எவர் கண்ணிலும் படாது என்று தெரிந்தே செதுக்கியவர் விட்டுச்சென்ற சிறிய உளித்தடங்கள். சக்கரத்தில் நான் இழந்த வாளின் பழைய விளிம்பு எது என்பதை இன்று எனக்குச் சொல்வது இந்தப் பலகை ஒன்றுதான்.

மரம் எதுவென்று அறிய, உடைந்த முனையிலிருந்து உதிர்ந்த சிறு சிராயைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தேன். குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தண்ணீர் பொன்னிறம். கறுப்புத் துணியின் முன்னே வைத்தால் நீலமாக ஒளிர்ந்தது. பிலிப்பீன்ஸில் நாரா என்று சொல்லப்படும் மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்கு இந்தக் குணம் உண்டு. 1934இல் அந்நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாராதான், நம் சாலையோரங்களில் மஞ்சள் பூவை விரித்துப்போடும் அங்சானா. நம் இலக்கியங்களில் வரும் வேங்கைக்கும் இது நெருங்கிய உறவு. ஆகவே ஒட்டுப்போடுவதற்கு மரம் தேடி நான் அலையவில்லை. புயலில் விழுந்த அங்சானாக் கிளை ஒன்று, நன்றாகக் காய்ந்த நிலையில், என் கொட்டகையிலேயே இருந்தது.

முதலில் பலகைகளைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து வண்டுகளைக் கொன்றேன். அடுத்து வெடிப்பை ஒட்டவேண்டும். கடையில் கிடைக்கும் எப்பாக்சி பசை உறுதியானதுதான். ஆனால் நாளை என்னைவிடக் கைதேர்ந்த ஒருவர் என் பிழையைத் திருத்த நினைத்தால் மரத்தை உடைக்காமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம். நம் பழைய தச்சர்கள் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையோ வெந்நீர் பட்டால் இளகிவிடும். இது ஓர் இஸ்லாமியக் குடும்பத்தின் வாள் என்பதால், மாட்டுத் தோலிலிருந்து ஹலால் முறையில் எடுத்த வஜ்ஜிரமாகத் தேடி வாங்கினேன். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கொதிக்கவிடாமல், 60 டிகிரி அளவில் இளக்கி, வெடிப்புக்குள் தூரிகையால் ஊட்டி, துணிநாடாவால் சுற்றி ஒரு நாள் விட்டேன். உடைந்த வாய்க்கு, ரேகை ஒரே திசையில் ஓடும்படி அங்சானாத் துண்டை இழைத்துப் பொருத்தினேன். பழையது எது, புதியது எது என்று கிட்டே வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என்பதால் அதற்குச் சாயம் ஏற்றவில்லை, வார்னிஷும் பூசவில்லை. பிரம்பைச் சீவி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினால், காயும்போது தானே இறுகிக்கொள்ளும். ஆணி எதுவும் தேவையில்லை.

உறையை வெறும் பொதிகூடாக நினைப்பதால் நேர்ந்த இழப்பு நம் வீடுகளோடு நிற்கவில்லை. 1906இல் சூலு தீவுகளின் புட் டாஹோ மலையிலும் 1913இல் அங்கேயே புட் பக்சாக் மலையிலும் அமெரிக்கப் படை, தென் பிலிப்பீன்ஸின் முஸ்லிம்களான மோரோ மக்களோடு போரிட்ட காலத்தில், சிப்பாய்கள் நினைவுப்பொருளாக எடுத்துச்சென்ற வாள்கள் இன்றும் அமெரிக்கச் சேகரிப்புகளில் ஏராளம். அவற்றில் உறையிழந்தவை பல. மோரோ மக்களின் நீண்ட வாளான கம்பிலானின் உறைக்கட்டு, அவசரத்தில் உருவ நேரமில்லாவிட்டால் உறையோடு ஓங்கி வெட்டினாலே அறுந்துபோகும்படி இலேசாகப் போடப்படும் என்று சொல்வதுண்டு. அலகை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட ஒரு நுட்பத்தை எவரும் ஊகிக்க முடியுமா?

இத்தகைய வாளை வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. உருவும்போது உறையைக் கூர்ப்பக்கமாகப் பொத்திப் பிடிக்காதீர்கள். கட்டு தளர்ந்த உறையில் கூர், இரு பலகைகளின் இடுக்கு வழியாக வெளியே வந்து விரல்களை அறுத்துவிடும். முதுகுப் பக்கமாக மட்டும் தாங்கிப் பிடியுங்கள். நம் நாட்டு ஈரப்பதத்தில் மரம் நீரை உறிஞ்சிவைத்திருக்கும் என்பதால் வாளையும் உறையையும் தனித்தனியே வைப்பதே நல்லது. எண்ணெய் சொட்டும் அலகை உறைக்குள் செருகினால் மரமும் கெடும்.

தங்கள் நாளிதழ் அக்கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி விரிவாக எழுதச்செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டறைக்குக் கொண்டுபோக ஒரு வாளைத் துணியில் சுற்றி வைத்திருக்கும் யாரேனும் அதைப் படித்துவிட்டு நிறுத்தக்கூடும்.

என் உறையில் மேற்கட்டு ஒன்று இன்னும் போடப்படவில்லை. எஞ்சியிருந்த பிரம்புத் துண்டில் இரண்டு சுற்றுகள்தான் தெரிகின்றன. முடிச்சு எப்படி முடியும் என்பது அந்தக் காவலர் பெரியவரின் மகனுக்குத் தெரியுமாம். வரும் பள்ளி விடுமுறையில் உறையோடு சண்டக்கான் போகிறேன். அந்தக் கட்டினை அவர் கையால் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர்,
ஈப்போ.