மாட்டுவண்டி நூலகத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். நூலக வார விழா முடிந்து பத்து நாளாகிறது. இந்த நன்றிக் கடிதத்தை மறுநாளே எழுதியிருக்க வேண்டும். நனைந்த புத்தகங்கள் காயட்டும் என்று காத்திருந்தேன். நேற்று சாயங்காலம் கடைசிப் புத்தகமும் அலமாரிக்குப் போய்விட்டது. இனிமேல் நிம்மதியாக எழுதலாம்.

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது என்பதால் கொஞ்சம் முன்கதை. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். வருடா வருடம் நம் வாசகர் வட்டம் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, ஒரு சிறப்புப் பேச்சாளர், அவருக்கு ஒரு துண்டு என்று நடத்தி முடித்துவிடும். போட்டிக்கு வருகிற பிள்ளைகள் எப்படியும் நூலகத்துக்கு வருகிறவர்கள்தான். வராதவர்களை என்ன செய்வது என்று கூட்டத்தில் கேள்வி வந்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 1931-ஐ ஞாபகப்படுத்தினார்.

அந்த வருடம் அக்டோபரில்தான் நம் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் இருந்து மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. வண்டியில் புத்தகங்களை அடுக்கி, ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போனார்கள். மெட்ராஸ் நூலகச் சங்கம் 1928-ல் தொடங்கி, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் செயலாளராக இருந்து, புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, படிப்பதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். நூலக அறிவியல் படிக்கிறவர்கள் எங்கிருந்தாலும் இந்த வண்டியைப் பற்றிப் பாடத்தில் படித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. சரி, நாமும் ஒரு நாள் வண்டி கட்டிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

சொல்வது சுலபம். இந்தக் காலத்தில் மாட்டுவண்டிக்கு எங்கே போவது? மணல் அடித்துக்கொண்டிருந்த டயர் வண்டி ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது. அந்த அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. நாள் வாடகை 1,200 ரூபாய் என்று பேசினோம். நான்கு மரப்பெட்டிகளில் 240 புத்தகங்களை ஏற்றியதும் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “காகிதந்தானேன்னு நெனச்சேன், மணலை விட கனக்குதே தம்பி” என்றார். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது, நூலகத்துக்கு 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வாங்கிய கூலியில் 1,000 ரூபாயை அங்கேயே கட்டிவிட்டு, மீதி 200-ஐ மாட்டுக்குத் தவிடு வாங்க என்று மடியில் வைத்துக்கொண்டார். புரவலர் பலகையில் அவர் பெயரை எழுதியாகிவிட்டது. இன்ஷியல் மட்டும் தப்பாக விழுந்துவிட்டது, பெயின்டர் வந்ததும் திருத்திவிடுவோம் அண்ணே.

அடுத்து நூலகர் அம்மா. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. இருப்புச் சரிபார்க்கும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அப்படிப்பட்டவர் 240 புத்தகங்களை வெட்டவெளிக்கு அனுப்பச் சம்மதித்தார் என்றால் அது சாதாரண தைரியமில்லை. எழுத்துப்பூர்வ அனுமதிக்காக நான்கு முறை பஸ் ஏறினார். கையெழுத்து கைக்கு வந்தது வண்டி கிளம்புவதற்கு முதல் நாள் மதியம். அதற்குள் பெட்டிகளையெல்லாம் அடுக்கி முடித்திருந்தார் என்பதை இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலவாசலில் மாலை போட்டு வண்டியைக் கிளப்பினோம். சலங்கைச் சத்தத்துக்கே தெருவில் ஆள் கூடிவிட்டது. ஐஸ்காரர் என்று நினைத்து ஓடிவந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. அப்புறம் பெட்டிக்குள் தலையை விட்டவர்களை இழுக்க முடியவில்லை.

இரண்டாவது ஊரில் ஒரு பாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். புத்தகத்தின் பெயரையே பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக விரித்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பதுதான் அவர் சோதனை. ஏழோ எட்டோ தள்ளிவிட்டு ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நாங்கள் திரும்பும்போது திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பெரிய எழுத்துப் புத்தகங்கள் நம் நூலகத்தில் எத்தனை இருக்கின்றன என்று வந்ததும் தேடிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்த முறை வாங்கும் பட்டியலில் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறோம்.

“இதுக்கு என்ன காசு?” என்று எல்லா ஊரிலும் கேட்டார்கள். வீட்டுவரி ரசீதை எடுத்துவரச் சொல்லிக் காட்டினேன். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும், வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி இது. காசு ஏற்கெனவே கட்டியாயிற்று, புத்தகத்தை மட்டும்தான் எடுக்காமல் இருக்கிறீர்கள் என்றதும், ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு இரண்டு புத்தகம் சேர்த்து எடுத்தார். அன்று 31 புதிய உறுப்பினர்கள். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்த பிளஸ் டூ பிள்ளைகள் ஆறு பேருக்கும் நன்றி. தேர்வுக்கு நடுவில் வந்தார்கள்.

மூன்றாவது ஊருக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் வண்டி கட்டினால் மழை வராமல் என்ன செய்யும். தார்ப்பாய் எடுத்துப் போயிருந்தோம். அதில் ஓட்டை இருந்ததைப் பார்க்காமல் விட்டது என் தவறு. கடைசிப் பெட்டியில் 23 புத்தகங்கள் நனைந்துவிட்டன. நூலகர் அம்மாவிடம் போனில் சொல்லும்போது எனக்குக் குரலே வரவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “வழவழப்புத் தாள் புத்தகம் எத்தனை?” அந்தத் தாள் ஈரத்தோடு காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். அதை முதலில் பிரிக்கச் சொன்னார்.

அன்று ராத்திரி நடந்ததற்குத்தான் இந்தக் கடிதமே. தையல் கடைக்கார அக்கா கடையைத் திறந்து வெட்டும் மேசையை ஒழித்துக் கொடுத்தார். டீக்கடையில் பழைய செய்தித்தாள் கட்டை அப்படியே தூக்கிக்கொடுத்தார்கள். பத்துத் தாளுக்கு ஒரு செய்தித்தாள் செருகி, இரண்டு டேபிள் ஃபேன் காற்றில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஈரத்தாளை உருவிவிட்டுப் புதிதாகச் செருக வேண்டும். மகளிர் குழுப் பெண்கள் முறை போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்கு யாரோ பக்கத்தைப் புரட்டும் சாக்கில் கதையைப் படிக்க ஆரம்பித்துவிட, “அப்புறம் என்னடி ஆச்சு” என்று மற்றவர்கள் கேட்க, வேலை கொஞ்சம் பின்தங்கியது. மளிகைக்கடை அண்ணாச்சி ஐந்து கிலோ எடைக்கற்கள் நான்கை அனுப்பினார், அரை ஈரமாகக் காய்ந்ததும் பாரம் வைத்து அழுத்தினால்தான் புத்தகம் நெளியாது. இரண்டு நாள் அவர் எதை வைத்து அரிசி நிறுத்தார் என்று தெரியவில்லை. நெளிந்துபோன அட்டைகளை இஸ்திரிக் கடைக்காரர் மேலே துணி போட்டு லேசான சூட்டில் தேய்த்துக் கொடுத்தார். கரிப்பெட்டியைச் சட்டைக்கு வைப்பதை விடப் பதமாக வைத்தார்.

23-ல் 21 பிழைத்தன. இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டுமே படம் போட்ட வழவழப்புத் தாள். அவற்றுக்குப் பதில் புதுப் பிரதிகளை என் செலவில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். வட்டத்துப் பணத்தில் எடுக்கலாமே என்றவர்களுக்கும் நன்றி, ஆனால் தார்ப்பாய் என் வீட்டுடையது.

மதியம் தயிர்சாதம் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர்கள், மைக் செட்காரர், எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்திய அறுவடை இயந்திர ஓட்டுநர், மழையில் வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கியபோது வரப்பிலிருந்து ஓடிவந்து தோள் கொடுத்த நால்வர் ஆகியோருக்கும் எங்கள் நன்றி. அந்த நால்வரின் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அப்போது தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து, அறுவடையும் ஓய்ந்த பிறகு மறுபடி ஒரு முறை போவதாக இருக்கிறோம். வண்டிக்கார அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். புதுத் தார்ப்பாய் வாங்கியாயிற்று.

அன்று இரவல் போன புத்தகங்களில் மூன்று இன்னும் திரும்பவில்லை. கிளை நூலகம் வரை வர முடியாதவர்கள் டீக்கடையிலேயே கொடுத்துவிடலாம், சொல்லிவைத்திருக்கிறோம். வண்டியில் ஒரு நீலக் குடையும் கிடந்தது. நூலகத்தில் மேசைக்கு அடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
செயலாளர், வாசகர் வட்டம்