ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம் காஃபின்?

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் 'எனர்ஜி சப்போர்ட்' கேப்சூல் குறித்த புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 'பெரியவர்கள் அனைவருக்கும் ஏற்றது' என்று பாட்டிலில் போட்டிருந்ததை நம்பி, என் அம்மாவுக்கு இந்தக் கேப்சூலை வாங்கினேன். வயது 61. தைராய்டுக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர். கேப்சூலைத் தொடங்கிய சில நாளிலேயே நெஞ்சு படபடப்பு. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழிப்பு. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்து, மிளகாய்ப்பொடி பட்டதுபோல் எரிந்தது.

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "எரிச்சல் நியாசினால், அதாவது பி3 வைட்டமினால் வருவது. குவாரனா என்று ஒரு கொடியின் விதையைப் போட்டிருக்கிறதே, அதில் காஃபின் இருக்கும். ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம் என்று கம்பெனியில் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். அன்று பிடித்தது சனி.

உங்கள் கேப்சூலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? நல்ல உடம்புக்காரருக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். அம்மா இரண்டு வேளை ஃபில்டர் காபி குடிப்பவர். அதோடு உங்கள் கேப்சூலையும் கூட்டிப் பார்க்கத்தான் அந்தக் கணக்கைக் கேட்டேன். லேபிளில் 'குவாரனா சாறு' என்று மட்டும் இருக்கிறது, காஃபின் அளவு இல்லை.

போனை எடுத்தவர்கள் எல்லாம் "புகார் டிக்கெட் போட்டிருக்கிறோம் சார்" என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒருவர் மட்டும், மாலையில் பேசியவர், நான் படபடப்பு என்று சொல்லி முடிப்பதற்குள், "எனர்ஜி ஏறினா அப்படித்தான் சார் இருக்கும், வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சிரித்தார். ஐயா, சிரித்தார்! மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றதும், "எல்லாத்துக்கும் கூகுள் பார்த்துட்டு வந்து கேக்கறீங்க" என்று லைனைத் துண்டித்துவிட்டார். கால் பதிவாகிறது என்று ஆரம்பத்திலேயே சொல்கிறீர்களே, அதைப் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம் கோயம்புத்தூரில் உள்ள உங்கள் விநியோகஸ்தரைப் பார்க்கச் சொன்னீர்கள். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனால், அது ஒரு குடோன். அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பையன், "இங்க ஸ்டாக் மட்டும்தாண்ணா" என்றான். அவனைத் திட்டி என்ன பயன்? அன்றைய சம்பளம் போனதுதான் மிச்சம்.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இதில் பயோட்டின் என்ற வைட்டமினும் இருக்கிறது. அது தைராய்டு ரத்தப் பரிசோதனையையே தப்பாகக் காட்டும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். அம்மாவின் ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) தாறுமாறாகக் குறைந்து வந்தது. தைராய்டு மாத்திரை அளவைக் குறைப்பதற்கு முன் டாக்டர் சந்தேகப்பட்டதால் தப்பித்தோம். கேப்சூலை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்தபோது சரியாக இருந்தது. இரண்டு தடவை லேப் பணம், என் தூக்கம், அம்மாவின் ஆயுளில் பத்து வருஷம்: இவை எல்லாம் உங்கள் கணக்கில்தான்.

தெரிந்த பக்கவிளைவுகளையும், எந்த மருந்தோடு சேரக்கூடாது என்பதையும் லேபிளில் எழுத வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிமுறை சொல்கிறது. உங்கள் பாட்டிலில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்பதோடு சரி.

தயவுசெய்து காஃபின், நியாசின், பயோட்டின் அளவுகளை எழுத்தில் அனுப்புங்கள். பணத்தையும் லேப் செலவையும் திருப்பித் தாருங்கள். அந்தப் பணியாளர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்வேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் பாட்டிலோடு போவேன். நுகர்வோர் நீதிமன்றத்தையும் விடமாட்டேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சி வாடிக்கையாளர்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று உங்களிடமிருந்து மெசேஜ் வருகிறது. முதலில் அதை நிறுத்துங்கள்.