73-ஆவது மேளம்

திருவையாறு,
தை மாதக் கடைசி

அன்புள்ள ஆரோக்கியம்,

பேத்தி பிறந்த சந்தோஷச் செய்தியும் ஞானஸ்நானப் படமும் வந்து சேர்ந்தன. மூக்கு அப்படியே உன் மூக்கு. பாவம், பெண் குழந்தை.

இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடிந்தது. மிஷின் கிடைப்பதில் வழக்கமான இழுபறி. அப்புறம் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டதால் நெல்லைக் களத்திலேயே கொட்டிக் காயவைத்து, பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, ஒருவழியாகப் போட்டுவிட்டு வந்தோம். தியாகராஜர் ஆராதனைக்கு இந்த வருஷமும் போனேன். முட்டிவலி கீழே உட்கார விடவில்லை. பந்தலின் கடைசியில் நாற்காலி போட்டு அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் கேட்டேன்.

சரி, உன் வம்புக்கு வருகிறேன். ‘கடவுள் இன்று புதிதாக ஓர் உயிரைப் படைத்திருக்கிறார்’ என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னாராம். உங்கள் சிவனால் அது முடியுமா, முடியாதா என்று கேட்டிருக்கிறாய்.

எங்கள் சைவ சித்தாந்தப்படி முடியாது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுக்கும் தொடக்கம் இல்லை என்று திருவாவடுதுறையில் இருந்த திருமூலரே சொல்லிவிட்டார். உயிரைச் சிவன் உண்டாக்கவில்லை. அவனைப் போலவே அதுவும் என்றைக்கும் இருக்கிறது. அதற்கு உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம் என்று நான்கைக் கூட்டிவைப்பதுதான் அவன் வேலை. அந்த நான்கும் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து வருபவை. குயவன், மண், சக்கரம் என்று அந்தக் காலத்திலிருந்து சொல்லும் உதாரணம் உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நம் தமிழய்யா சொல்லிச் சொல்லித் தேய்ந்த உதாரணம். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. பானை மண்ணுக்குள் இருந்ததுதான்.

உங்கள் பக்கம் நேர் எதிர். மக்கபேயர் இரண்டாம் நூல் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு தாய் தன் கடைசிப் பிள்ளையிடம் பேசுகிறாளே, அதை நீ ஒருமுறை வாசித்துக் காட்டியிருக்கிறாய். ஆறு பிள்ளைகளை ராஜா கொன்றாகிவிட்டது. ஏழாவது பிள்ளையிடம் அவள், வானத்தையும் பூமியையும் பார், இவற்றைக் கடவுள் ஏற்கெனவே இருந்தவற்றிலிருந்து செய்யவில்லை என்கிறாள். தத்துவம் பேசுகிற நேரமா அது! ஆனால் அவளுக்கு அந்த நம்பிக்கை தேவைப்பட்டது. ஒன்றுமில்லாததிலிருந்து கொடுத்தவன்தான் போன பிள்ளைகளைத் திரும்பவும் கொடுக்க முடியும். 1215-இல் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் மாநாடு இதைச் சபையின் கொள்கையாகவே எழுதிவைத்தது. அதே 13-ஆம் நூற்றாண்டில்தான் பெண்ணையாற்றங்கரையில் மெய்கண்டார், ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வராது என்ற அடிப்படையில் எங்கள் சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தைச் செய்தார். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

எங்கள் ஆட்கள் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் சிவனே இல்லாமையிலிருந்து உண்டாக்கினான் என்றால், உயிரைப் பிடித்திருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்கையும் அவன்தானே உண்டாக்கியிருக்க வேண்டும்? ஒரு குழந்தை பார்வையோடும் ஒன்று பார்வையில்லாமலும் பிறப்பதற்கு அவன்தானே பதில் சொல்ல வேண்டும்? அந்தப் பழி அவன்மேல் விழாமலிருக்க மலமும் அநாதி, வினையும் முன்னாலேயே உண்டு என்று வைத்தார்கள். சர்வ வல்லமையில் கொஞ்சம் குறைத்து, கருணையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எனக்கு இது நியாயமான பேரமாகவே படுகிறது.

ஆனாலும் உன் கேள்வி என்னை விடவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்தபோது சங்கீத சாஸ்திரம் எழுதிய வேங்கடமகி ஞாபகம் வந்தார். 17-ஆம் நூற்றாண்டு, தஞ்சையில் விஜயராகவ நாயக்கர் காலம். அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன். சதுர்தண்டிப் பிரகாசிகை என்ற நூலில் அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஏழு சுரங்களில் சட்ஜமும் பஞ்சமமும் அசையாது. ரிஷப காந்தாரம் சேரும் வகை ஆறு, தைவத நிஷாதம் சேரும் வகை ஆறு, மத்திமம் இரண்டு. ஆறாறு முப்பத்தாறு, இரட்டித்தால் 72 மேளங்கள், அதாவது ராகங்கள் பிறக்கும் ஏழு சுர வரிசைகள். போட்டு முடித்துவிட்டு மனிதர் சவால் விடுகிறார்: (வகைகளோடு சேர்த்து) தெரிந்த 12 சுரங்களை வைத்துக்கொண்டு இதற்குக் கூடவோ குறையவோ ஒரு மேளத்தை யாராவது கற்பித்துக் காட்டினால் என் உழைப்பு வீண்; நெற்றிக்கண்ணனுக்கே அது ஆகாது!

என்ன துணிச்சல் பார். ஆனால் சவால் இன்றுவரை நிற்கிறது. 73-ஆவது மேளம் கிடையாது. கணக்குக்குச் சிவனும் கட்டுப்பட்டவன்தான் போலிருக்கிறது.

இதில் சுவாரசியம் எங்கே என்றால், அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை என்று அவர் காட்டுவது 19 மேளங்களைத்தான். மிச்சமெல்லாம் காலி இடங்கள். 56-ஆம் இடத்தை எடுத்துக்கொள். சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்று சுரங்களை எழுதிவிடலாம். அது சண்முகப்பிரியா. இன்றைக்கு சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் அதை எடுத்தால் வீட்டுக்குக் கிளம்பியவர்கூடத் திரும்பி வந்து நிற்கிறார். அந்த ராகத்தை வேங்கடமகியா படைத்தார்? அவர் குறித்து வைத்தது இடத்தை. வாசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் கட்டத்துக்குள் ஒரு துப்பும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பஞ்சரத்தினத்தில் மூன்றாவது, ‘சாதிஞ்சனே’, ஆரபி ராகம். ஏறும்போது காந்தாரமும் நிஷாதமும் இல்லை, இறங்கும்போது ஏழும் உண்டு. தேவகாந்தாரி ராகத்துக்கும் இதே ஏற்றம், இதே இறக்கம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ‘க்ஷீரசாகர சயன’ என்று தேவகாந்தாரியை ஆரம்பித்தால், சுரம் தெரியாத என் வீட்டுக்காரி கூட ஆரபி என்று சொல்ல மாட்டாள். அது நின்று, இழைந்து, அசைந்து போகிறது. ஆரபி விறுவிறுவென்று போகிறது. சுரத்தில் ஒன்றும் கூடவில்லை. மேளத்திலும் ஒன்றும் கூடவில்லை. அப்படியானால் இரண்டாவதாக வந்தது எங்கிருந்து வந்தது?

‘உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது’ என்று எங்கள் சித்தாந்தி சொல்வார். சொல்லட்டும். ஆனால் கவனித்துப் பார், எப்போதும் அது வெளியே வந்த பிறகுதான் சொல்கிறார். நம் அப்பாக்கள் 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் போட்டார்களே, அதற்கு ஒரு பக்கம் ஜப்பான் நெல், மறுபக்கம் ஜி.இ.பி. 24. கலப்பு என்பதால் அதைப் பழையதன் சேர்க்கை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஜி.இ.பி. 24, கோணாமணி நெல்லில் யாரும் கலக்காமல், யாரும் கேட்காமல் தானாக மாறி வந்த பயிர். வந்த பிறகு விதைக்குள் என்ன மாறியது என்று விளக்கலாம். முதல் நாள் அந்த வயலில் நின்ற யாருக்கும் அதைச் சுட்டிக்காட்ட முடிந்திருக்காது. முன்கூட்டியே சுட்டிக்காட்டியவர் என்று எனக்குத் தெரிந்து வேங்கடமகி ஒருவர்தான். அவர் காட்டியதும் காலி இடம்.

ஒன்றுமில்லாததிலிருந்து வந்தால்தான் புதிது என்கிறார் உங்கள் சாமியார். மண் பழையது, அதனால் பானையும் பழையது என்கிறார்கள் எங்களவர்கள். இரண்டு பேரும் சரக்கைத்தான் பார்க்கிறார்கள். சரக்கு பழையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தேவகாந்தாரி புதிதாக வந்தது என்று சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அதற்குச் சிவன் 73-ஆவது மேளம் செய்ய வேண்டியதில்லை.

உயிர் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. ராகத்துக்குச் சொன்னதைக் குழந்தைக்குச் சொல்லிவிட முடியாது. அநாதியாக அலைந்துவந்த உயிர் உன் வீட்டில் இறங்கியிருக்கிறது என்று சொன்னால் உன் மகள் என்னைத் துரத்துவாள். இல்லை, போன மாதம்தான் படைக்கப்பட்டது என்றால், ஒரு பாவமும் செய்யாத புத்தம்புது உயிர்களில் ஒன்றுக்கு நல்ல உடம்பும் ஒன்றுக்கு நோயும் ஏன் என்ற கேள்விக்கு உங்கள் பக்கம்தான் பதில் சொல்ல வேண்டும். சாமியாரிடம் இதைக் கேட்டு எழுது. ‘இறைவனின் சித்தம்’ என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்தால் விடாதே. அந்தத் தாய் பிள்ளையிடம் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள்.

மாசி மகத்துக்குக் கும்பகோணம் போவதாக இருக்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து நீயும் வந்தால் அப்படியே இங்கே அழைத்துவந்துவிடுகிறேன். தவக்காலம் தொடங்கியிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் நீ விலக்க வேண்டியது ஒன்றும் இருக்காது.

அன்புடன்,
வைத்தி