குட்டியைக் காட்டும் முன் தாயைக் காட்டுங்கள்

இலங்கை மலையகத்தில் நுவரெலியா, அட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் சின்ன ஜாதி நாய்க்குட்டிகளை வளர்த்து விற்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன் உங்களில் ஒருவரிடம் குட்டி வாங்கியவன் எழுதுகிறேன். யாரிடம் என்று சொல்லப்போவதில்லை. இப்போது பண்டாரவளையில் இருக்கும் என் தங்கை, "அண்ணா, எனக்கும் சின்னதா ஒரு நாய் பாரு" என்கிறாள். அவளுக்கு வழி சொல்லும் முன் உங்களிடம் சிலதைப் பேசிவிட வேண்டும்.

சின்ன நாய் கேட்பது எங்கள் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். லயத்துக் காம்பிராவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், பெரிய நாய்க்கு எங்கே இடம்? வெளியே இஸ்தோப்பில், அதுதான் திண்ணையில், கட்டலாம் என்றால் எங்கள் தோட்டத்தில் சிறுத்தை வந்து தூக்கிக்கொண்டு போகிறது. ஆக, ராத்திரி வீட்டுக்குள் படுக்கிற அளவில் ஒரு நாய். அவ்வளவுதான் ஆசை.

எனக்கு விற்றது 'டீகப் பொமரேனியன்', தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் நாய் என்று அர்த்தமாம். தேயிலை நாட்டில் பிறந்தவன் அந்தப் பெயருக்கு மயங்காமல் இருப்பானா? பஸ் நிலையத்தில் வைத்து ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கையில் தந்தார்கள். தாய் எங்கே என்று கேட்டேன். கண்டியில் இருக்கிறதாம். வயது இரண்டு மாதமாம். வழியில் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 460 கிராம். மகள் 'பொட்டு' என்று பெயர் வைத்தாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை பொட்டு எழும்பவில்லை. ஜனவரிக் குளிர். துணி மாதிரித் துவண்டு கிடந்தது, ஈறு வெளுத்திருந்தது. மிருக வைத்தியருக்குப் போன் செய்தேன். "சீனித்தண்ணியோ பாணியோ விரலால் ஈறில் தடவுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரையேறிடும். சூடாப் பொத்திக் கொண்டுவாங்க" என்றார். வீட்டில் கித்துள் பாணி இருந்தது. அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது போடும் பழைய கம்பளியில் சுற்றிக்கொண்டு ஓடினோம். ஆட்டோவிலேயே நாக்கை நீட்டி என் விரலை நக்கியது.

குட்டியின் பல்லைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், ஐந்து வாரத்துக்கு மேல் இருக்காது என்று. எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டியது. இத்தனை சின்ன உடம்பில் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். நடுங்கி நடுங்கியே இரத்தத்தில் உள்ள சீனி தீர்ந்துபோகும், ஈரலில் சேமிப்பும் கொஞ்சம்தான். கொழும்பில் தப்பிக்கும் குட்டி இங்கே, புல்லில் உறைபனி விழும் மாதத்தில், தப்பிக்காது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக உணவு, படுக்க ஒரு கதகதப்பான மூலை. விற்கும்போது இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

'டீகப்' என்று ஒரு இனமே கிடையாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்ததை, அல்லது தாயிடமிருந்து முன்கூட்டியே பிரித்ததை, அழகான பெயர் வைத்து விற்கிறீர்கள். நல்ல பொமரேனியன் வளர்ந்தால் ஒன்றரையிலிருந்து மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரை வரும். விக்டோரியா மகாராணி 1888-இல் இத்தாலியிலிருந்து கொண்டுபோன பொமரேனியனே ஐந்து கிலோவுக்கு மேலாம். நம்ம ஆட்கள் கோப்பி அழிந்த மலையில் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. (எங்கள் மாமிக்கு விற்ற 'டீகப்' இன்று ஒன்பது கிலோ. ஏமாற்று என்று அவருக்குக் கோபம். நானோ அந்த நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், ஒரு நோய் நொடி கிடையாது.)

எட்டு மாதத்தில் அடுத்தது தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 42 படி. பொட்டு நாலு படி ஏறும், பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டும், காலை உதறும், திரும்ப ஒழுங்காக ஏறும். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும்தான். சிரிக்க ஒன்றுமில்லை. முழங்கால் சில்லு அதன் குழியை விட்டுச் சரிகிறது. சின்ன ஜாதிகளில் சாதாரணமாக வருவது, பெரும்பாலும் பரம்பரை. எவ்வளவு மோசம் என்பதை நாலு தரமாகப் பிரித்திருக்கிறார்களாம், நாலாவதுதான் மிக மோசம். பொட்டுக்கு மூன்றாவது தரம். சத்திரசிகிச்சை வேண்டும் என்று பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இப்போதைக்கு 42 படியும் என் தோளில்தான்.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான். முழங்காலைச் சோதிக்க ஒரு மெஷினும் தேவையில்லை. வளர்ந்த நாயின் காலை வைத்தியர் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். தாய்க்கும் தகப்பனுக்கும் அதைச் செய்திருந்தால் போதும். சமதரை பார்க்காத ஊர் இது. இங்கே நாய்க்கு முகத்தைவிட முழங்கால் முக்கியம்.

சரி, தங்கைக்கு எந்த ஜாதி? பொமரேனியன் ரோமம் குளிருக்கு நல்லது, ஆனால் மழை மாதத்தில் நனைந்தால் லேசில் காயாது. சிவாவா இரண்டு, இரண்டரை கிலோவில் திடமாக இருந்தால் நீண்ட ஆயுசு. நுவரெலியாவில் அதற்குச் சட்டை தைக்க வேண்டும், ஆனால் பண்டாரவளை அவ்வளவு மோசமில்லை. யோர்க்‌ஷயர் டெரியர் மில் தொழிலாளிகள் வீட்டில் எலி பிடித்த நாய். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பாசம், ஆனால் வெட்டாவிட்டால் முடி வளர்ந்துகொண்டே போகும், அதற்குள் அட்டை புகுந்தால் தேடி மாளாது. பக் வேண்டவே வேண்டாம், மூக்கு நசுங்கி மூச்சுக்கே திணறுகிறது. இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஆனால் எந்த ஜாதியானாலும் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்.

தாயைக் காட்டுங்கள். உங்கள் வீட்டுக்கே வருகிறோம், பஸ் நிலையம் வேண்டாம். தாய் இரண்டு கிலோகூட இல்லை என்றால் அதற்குக் குட்டி போட வைக்காதீர்கள், தலை பெரிய குட்டி இறங்காமல் வயிற்றைக் கிழிக்க வேண்டி வரும். ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிதான், எங்களுக்கும் தெரியும். அதற்காக விலை கூடினால் கூடட்டும். பொட்டுவுக்கு இதுவரை செலவழித்தது அதை வாங்கிய விலையைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. தடுப்பூசி அட்டையில் திகதியும் வைத்தியரின் கையெழுத்தும் இருக்கட்டும். கழுத்துப் பட்டியோடு சங்கிலியும் சேர்த்துத் தருகிறீர்களே, அதை நிறுத்துங்கள். இந்த நாய்களின் மூச்சுக்குழாய் இழுப்பைத் தாங்காது. நெஞ்சோடு மாட்டும் வார் போதும்.

அடுத்த போயா லீவுக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, தங்கையோடு உங்களில் யாராவது ஒருவர் வீட்டுக்கு வருவேன். உங்கள் வாசலிலும் படி இருக்கும். தாய் நாயை ஒரு பத்துப் படி ஏறி இறங்க விடுங்கள், நாங்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொட்டுவைத் தூக்கிக்கொண்டு படி ஏறுபவன்